கட்டணமில்லாத உரிமம், கையெழுத்திட முடியாத ஒப்பந்தம்: ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டம் சந்தித்த காப்புரிமைச் சிக்கல்

## பின்னணி

நேரலை ஒலியையும் காணொளியையும் இணையத்தில் அனுப்ப உதவும் ஒரு கட்டற்ற லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பற்றிய பதிவு இது. திட்டம், நிறுவனங்கள், ஆட்கள் என எவருடைய பெயரும் தரப்படவில்லை. லைப்ரரியின் உரிமம் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது. நிரலை யாரும் மாற்றலாம், பகிரலாம், ஆனால் பெறுபவருக்கும் அதே உரிமைகளைத் தர வேண்டும் என்பது ஜிபிஎல்லின் அடிப்படை. பதிப்புரிமை ஒரே இடத்தில் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்கள் தத்தம் பகுதிகளுக்கு உரிமையாளர்கள். முடிவெடுக்கும் பொறுப்பு இரண்டு பராமரிப்பாளர்களிடம் இருந்தது. சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸையும் அதற்கான மென்பொருள்களையும் தொகுத்து வழங்கும் திட்டங்கள்) இந்த லைப்ரரியைத் தங்கள் களஞ்சியத்தில் வைத்திருந்தன. ஒரு சாதனத் தயாரிப்பு நிறுவனம் தன் கருவிகளுக்குள் பதியும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இதைச் சேர்த்து விற்றுவந்தது.

நேரலையில் ஒரு பேக்கெட் (தரவு அனுப்பப்படும் சிறு துண்டு) தொலைந்துபோனால், அதைத் திரும்பக் கேட்டு வாங்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது. ஆகவே அனுப்பும் முனையே சில மீட்புப் பேக்கெட்டுகளைக் கூடுதலாக அனுப்பிவைக்கும். பெறும் முனை அவற்றைக் கொண்டு தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்கும். லைப்ரரி பின்பற்றும் தரநிலையின் புதிய பதிப்பில் இதற்கென ஒரு முறை, விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. அதில் மூன்று அம்சங்கள் உண்டு. மீட்புப் பேக்கெட் ஒவ்வொன்றும் நகரும் சாளரத்துக்குள், அதாவது அண்மையில் அனுப்பிய பேக்கெட்டுகளின் நகர்ந்துகொண்டே போகும் வரிசைக்குள், இருக்கும் பேக்கெட்டுகளைக் காக்கும். அதற்கான கெழுக்கள் (கணக்கீட்டில் பெருக்கப் பயன்படும் எண்கள்), தலைப்பில் வரும் ஒரு விதை எண்ணிலிருந்து உருவாகும். பெறும் முனை அனுப்பும் இழப்பு அறிக்கையைப் பொறுத்துச் சாளரத்தின் நீளம் மாறும்.

ஒரு பங்களிப்பாளர் இந்த முறையைச் சுமார் 1,400 வரிகளில் எழுதித் தந்தார். நிரல் தரமானது, சோதனைகளும் உடன் வந்தன. பராமரிப்பாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளில் அந்த வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. கையேட்டில் ஒரு பக்கமும் சேர்ந்தது: சிறந்த பலன் கிடைக்க இதை அணைக்காமல் வைத்திருங்கள் என்று அந்தப் பக்கம் பரிந்துரைத்தது. இந்த வரி பின்னால் முக்கியமாகப் போகிறது.

## சிக்கல் தெரியவந்த விதம்

இரண்டாம் வெளியீட்டைத் தொகுத்துக்கொண்டிருந்த டிஸ்ட்ரோ ஒன்றின் பேக்கேஜ் பராமரிப்பாளர், தரநிலை அமைப்பின் காப்புரிமை அறிவிப்புப் பட்டியலைப் பார்த்தார். தரநிலையை உருவாக்கும் குழுவில் பங்கேற்ற ஒரு நிறுவனம், இந்த மீட்பு முறையைத் தன் காப்புரிமைகள் தொடுகின்றன என்றும், கேட்பவர்களுக்கு ராயல்டி இல்லாமல் உரிமம் வழங்குவதாகவும் அங்கே அறிவித்திருந்தது. அவர் அதை லைப்ரரியின் பிழைப்பதிவுப் பலகையில் தெரிவித்தார்.

முதல் சில நாள்களில் பலகையில் இரண்டு வகையான பதில்கள் குவிந்தன. ராயல்டி இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் முடிந்தது என்பது ஒரு தரப்பு. மென்பொருள் காப்புரிமை செல்லாத நாட்டில் நம் சர்வர் இருக்கிறது, நமக்கென்ன என்பது மறு தரப்பு. இரண்டும் தவறு என்பது பின்னர் தெரிந்தது. அதற்கிடையே ஒரு பயனர் காப்புரிமை ஆவணத்தைத் தேடிப் படித்துவிட்டு, முதல் உரிமைக்கோரலை (காப்புரிமை எதைத் தனக்குரியது என்று வரையறுக்கிறதோ அந்த வாசகத்தை) நம் நிரல் மீறுகிறது என்று உறுதியாக எழுதிவைத்தார்.

பராமரிப்பாளர்கள் அந்த உரையாடல் இழையைப் பூட்டினார்கள், அழிக்கவில்லை. பின்னாளில் வழக்கு என்று வந்தால், பொதுவில் இருந்த ஒன்றை அழித்தது எழுதப்பட்டதைவிட மோசமாகத் தெரியும். பூட்டியதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில், தெரிந்தே மீறியதாக முடிவானால் இழப்பீட்டை நீதிமன்றம் மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். பிறரை மீறத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டவும் காப்புரிமை பற்றி அறிந்திருந்தார்கள் என்று காட்டியாக வேண்டும். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொதுப் பலகையில் காப்புரிமையைப் பற்றி ஊகித்து எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த அறிவுக்குச் சான்றாகிவிடக்கூடும். காப்புரிமையை யாருமே படிக்கக்கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும், அவரோடு நடக்கும் பேச்சு அவரோடு இருக்கட்டும் என்பதே பொருள். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு இலவசமாக உதவும் ஒரு வழக்கறிஞரைப் பராமரிப்பாளர்கள் அணுகினார்கள்.

சர்வர் இருக்கும் இடம் ஏன் காப்பாற்றாது என்பதை அவர் முதலிலேயே விளக்கினார். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி என்பது உண்மை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலைத் தன்னளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவும் அப்படியே. ஆனால் இரண்டிலும் தொழில்நுட்ப விளைவோடு பிணைத்து எழுதப்பட்ட விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன. பிழைதிருத்தக் குறியீடு போன்ற தகவல்தொடர்பு முறைகள் அந்த வகையில் எளிதாக நுழைந்துவிடும். அமெரிக்காவில் 2014-இன் ஆலிஸ் தீர்ப்பு அருவமான எண்ணங்களுக்கான காப்புரிமைகளைப் பலவீனப்படுத்தியதே தவிர, இத்தகைய முறைகளை முற்றாக விலக்கிவிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, லைப்ரரியைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்களும் சாதனங்களை விற்கும் நிறுவனமும் காப்புரிமை செல்லுபடியாகும் நாடுகளில் இருந்தன. சுமை அவர்கள் தலையில்தான் விழும்.

## ஒப்பந்தத்தில் இருந்தவை

உரிமம் வேண்டும் என்று கேட்டபோது ஆறு பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது. தொகை பூஜ்யம்தான். மற்ற நிபந்தனைகள் இவை:

- லைப்ரரியை வெளியிடும் ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். உரிமத்தை மாற்றித் தரவோ துணை உரிமம் வழங்கவோ முடியாது.
- தரநிலைக்கு முழுமையாக இணங்கும் செயலாக்கத்துக்கு மட்டுமே உரிமம் பொருந்தும்.
- வினியோகித்த படிகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும்.
- உரிமம் பெற்றவர் எந்தக் காப்புரிமையைக் காட்டியும் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால் உரிமம் ரத்து.
- ஒப்பந்த வாசகம் இரகசியமாக வைக்கப்பட வேண்டும்.

இவற்றில் முதல் நிபந்தனையே மிகக் கனமானது. ஜிபிஎல் 2-இன் 7-ஆம் பிரிவு சொல்வது இது: நீதிமன்ற உத்தரவாலோ ஒப்பந்தத்தாலோ வேறு எப்படியோ உங்கள்மீது விதிக்கப்படும் நிபந்தனைகள் ஜிபிஎல்லுக்கு முரணானால், அவற்றைக் காரணம் காட்டி ஜிபிஎல்லிலிருந்து விலக முடியாது, இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற இயலாவிட்டால் வினியோகத்தையே நிறுத்த வேண்டும். உங்களிடமிருந்து நேரடியாகவோ சுற்றுவழியாகவோ படி பெறும் எல்லோரும் ராயல்டி இன்றி மறுவினியோகம் செய்ய ஒரு காப்புரிமை உரிமம் இடம் தராவிட்டால் வினியோகிக்கவே கூடாது என்பதை அந்தப் பிரிவே எடுத்துக்காட்டாகத் தருகிறது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கையெழுத்திடாத நிலையில் திட்டத்தின்மீது எந்த நிபந்தனையும் இல்லை. வழக்கு வரக்கூடும் என்ற அபாயம் மட்டுமே உண்டு. கையெழுத்திட்ட மறுகணம் அபாயம் குறைகிறது, ஆனால் மற்றவருக்குக் கடத்த முடியாத நிபந்தனைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதோடு 7-ஆம் பிரிவின்படி வினியோக உரிமையே கேள்விக்குள்ளாகிறது. பதிப்புரிமை முழுவதும் பராமரிப்பாளர்களிடம் இருந்திருந்தால், தங்கள் நிரலுக்குத் தாங்களே விதிவிலக்கு தந்துகொள்ளலாம். நாற்பது பேருக்கு மேல் எழுதிய நிரலில் அவர்களும் மற்றவர்களின் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டவர்களே. பாதுகாப்புக்காக எடுக்கும் நடவடிக்கையே வினியோகத்தை முடக்கும் என்ற இந்த முரணைப் பராமரிப்பாளர்கள் வழக்கறிஞர் சொல்லும்வரை உணரவில்லை.

ஜிபிஎல் 3-க்கு மாறினால் சரியாகுமா என்று கேட்கப்பட்டது. ஆகாது. ஜிபிஎல் 3-இன் 11-ஆம் பிரிவு பங்களிப்பாளர்களின் காப்புரிமைகளுக்குத்தான் உரிமம் தருகிறது. திட்டத்துக்கு எதையும் பங்களிக்காத வெளி நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. ஒரு காப்புரிமை உரிமத்தைத் தெரிந்தே நம்பி வினியோகிப்பவருக்கு அதே பிரிவு மூன்று வழிகளை மட்டும் வைக்கிறது: மூலநிரல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது, அந்த உரிமத்தின் பலனை அந்த மென்பொருளுக்குத் தாமே கைவிடுவது, அல்லது பெறுபவர் எல்லோருக்கும் அதை நீட்டிப்பது. மூன்றாவதை ஒப்பந்தம் தடுத்தது. மற்றொரு கட்டற்ற உரிமமான அப்பாச்சி 2.0-இன் 3-ஆம் பிரிவுக்கும் இதே எல்லை உண்டு. அதுவும் பங்களித்தவர்களின் காப்புரிமையை மட்டுமே தருகிறது.

முழுமையாக இணங்கும் செயலாக்கம் என்ற நிபந்தனையும் கட்டற்ற மென்பொருளின் அடிப்படையையே தொடுகிறது. நிரலை எடுத்து வேறு வேலைக்கு மாற்றும் உரிமை பயனருக்கு உண்டு. பெறும் பகுதியை மட்டும் பிரித்து எடுக்கலாம், சோதனைக்காகத் தவறான பேக்கெட்டுகளை வேண்டுமென்றே உருவாக்கலாம். அந்த நொடியே காப்புரிமைப் பாதுகாப்பு போய்விடும். எண்ணிக்கை அறிக்கை நடைமுறையில் இயலாதது. நகல் வைத்திருக்கும் மிரர் சர்வர்களிலும் டிஸ்ட்ரோ களஞ்சியங்களிலும் பரவும் படிகளை எவராலும் எண்ண முடியாது.

இவை புதிய சிக்கல்களும் அல்ல. 2004-இல் மின்னஞ்சல் அனுப்புநரைச் சரிபார்க்கும் செண்டர் ஐடி முன்மொழிவுக்கு மைக்ரோசாஃப்ட் ராயல்டி இல்லாத உரிமத்தை முன்வைத்தது. தனித்தனியே ஒப்பந்தம் செய்ய வேண்டும், துணை உரிமம் தர முடியாது என்ற காரணங்களால் கட்டற்ற மென்பொருள்களை வெளியிடும் அப்பாச்சி அறக்கட்டளையும் டெபியன் டிஸ்ட்ரோவும் அதைச் செயல்படுத்த முடியாது என்று அறிவித்தன. அதே ஆண்டு செப்டம்பரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் அந்த வேலையை எடுத்திருந்த குழுவும் கலைக்கப்பட்டது. ரத்து நிபந்தனை விரிவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் என்ற வலை இடைமுக லைப்ரரியின் 2017 நிகழ்வு சான்று. அதன் காப்புரிமைக் கோப்பின் ரத்து விதியைக் காரணமாக்கி அப்பாச்சி அறக்கட்டளை அந்த உரிமத்தைத் தன் திட்டங்களுக்கு ஏற்காத வகையில் சேர்த்தது. சில மாதங்களில் ஃபேஸ்புக், நிபந்தனைகள் மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்துக்கு மாறியது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கையெழுத்திடுவதில்லை. மேலே சொன்ன காரணங்கள் போதும். ஒரு நிறுவனம் தானே உரிமம் பெற்று பைனரியை (இயக்கத் தயாரான தொகுத்த வடிவத்தை) மட்டும் வழங்கும் வழியும் பேசப்பட்டது. 2013-இல் சிஸ்கோ அறிவித்த, காணொளியைச் சுருக்கும் ஓப்பன்எச்264 அப்படிப்பட்டது: மூலநிரல் பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும், ஆனால் காப்புரிமைக் கட்டணத்தை சிஸ்கோ செலுத்துவது அது தானே வழங்கும் பைனரிக்குத்தான், மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. இந்தத் திட்டத்துக்குப் பணம் செலுத்த முன்வருபவரும் இல்லை. மாற்றித் தொகுக்க முடியாத ஒரு பகுதியை லைப்ரரியின் நடுவில் வைக்கப் பராமரிப்பாளர்களுக்கு மனமும் இல்லை.

காப்புரிமையை வழக்கறிஞர் ஆராய்வது. அறிவிப்பில் மூன்று ஆவணங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. ஒன்று பராமரிப்புக் கட்டணம் செலுத்தாததால் காலாவதியாகியிருந்தது. அமெரிக்காவில் காப்புரிமை வழங்கிய 3½, 7½, 11½ ஆண்டுகளில் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் ஆறு மாத அவகாசம் உண்டு. கட்டண நிலையைக் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் தரப்புத் தேடல் தளங்கள் காட்டும் நிலை சில நேரம் பழையதாக இருக்கும். இன்னொன்று இன்னும் விண்ணப்ப நிலையில் இருந்தது. அதன் உரிமைக்கோரல்கள் மாறக்கூடும் என்பதால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க இயலாது, தொடர்ந்து கவனித்து வர வேண்டியதுதான். மூன்றாவது மட்டும் நடப்பில் இருந்தது. தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுக் காலத்தில் பாதிகூட முடியவில்லை. காத்திருந்து கடத்தும் வழி அதோடு அடைபட்டது. எம்பி3-க்கு அந்த வழி பலித்தது. 2017-இல் காப்புரிமைகள் முடிந்து உரிமத் திட்டமே நிறுத்தப்பட்ட பிறகு, அதுவரை விலக்கிவைத்திருந்த டிஸ்ட்ரோக்கள் எம்பி3-ஐச் சேர்த்துக்கொண்டன.

நடப்பில் இருந்த காப்புரிமையின், பிறவற்றைச் சாராத தனி உரிமைக்கோரல்கள் ஒவ்வொன்றும் முன்சொன்ன மூன்று அம்சங்களையும் ஒன்றாகக் கேட்டன. ஓர் உரிமைக்கோரலை மீற அதன் எல்லா அம்சங்களும் நிரலில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் நேரடி மீறல் கிடையாது. சாளரத்தின் நீளத்தை மாறாததாக வைத்தால் போதுமே என்று நிரலை எழுதியவர் பரிந்துரைத்தார். வழக்கறிஞர் எச்சரித்தார்: அமெரிக்க நீதிமன்றங்கள் சமமான மாற்றையும் மீறலாகக் கருத இடமுண்டு. அதோடு, பாதி மாற்றிய வடிவம் தரநிலைக்கும் இணங்காது, காப்புரிமைக்கும் அருகிலேயே நிற்கும்.

பழைய, நன்கு பதிவான முறைக்குப் போவது. பிழைதிருத்தத்துக்கான ரீட்-சாலமன் குறியீடு 1960-இல் வெளியானது. தொலைந்த பேக்கெட்டுகளை மீட்க அதைப் பயன்படுத்தும் விதத்தை லூயிஜி ரிஸ்ஸோ 1997-இல் நிரலோடு வெளியிட்டார். எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கால் உருவாகும் சமநிலைப் பேக்கெட்டுகளுக்கான ஐஇடிஎஃப் ஆவணம் ஆர்எஃப்சி 2733 1999 டிசம்பரில் வந்தது. நடப்புக் காப்புரிமையின் முன்னுரிமைத் தேதி (புதுமையை அளக்க எடுத்துக்கொள்ளும் தேதி) இவை எல்லாவற்றுக்கும் வெகுவாகப் பிந்தியது. அந்த ஆவணங்களில் உள்ளதை அப்படியே செய்யும் நிரலை ஓர் உரிமைக்கோரல் தொடுமானால், அந்த உரிமைக்கோரலே புதுமை அற்றதாகிச் செல்லாமல் போகும். இந்த அடிப்படையில்தான் மாற்று முறை தேர்வானது. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே எந்த ஆண்டின் எந்த ஆவணத்தைப் பின்பற்றுகிறது என்ற குறிப்பு சேர்க்கப்பட்டது. கெட்டிக்காரத்தனமான மேம்பாடுகள் எதுவும் வேண்டாம் என்று பங்களிப்பாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. எண்ணற்ற மணிநேரத்தைத் தம் விருப்பத்துக்காகத் தருபவர்களிடம் இப்படிச் சொல்வது எளிதல்ல. ஆனால் பின்னாளில் வரும் புது உத்தி ஒவ்வொன்றும் 1997-இன் பாதுகாப்பை விட்டு வெளியே கால் வைக்கிறது.

நிறுவனத்திடம் மாற்றம் கோருவது. வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் போனது. கையெழுத்து தேவைப்படாத பொது வாக்குறுதி, திருத்தப்பட்ட வடிவங்களுக்கும் பொருந்தும் வீச்சு, எண்ணிக்கை அறிக்கையும் இரகசியமும் நீக்கம், இந்தத் தரநிலை தொடர்பான வழக்குக்கு மட்டும் ரத்து என நான்கு கோரிக்கைகள் அதில் இருந்தன. முன்மாதிரியாக, ஷாட்வெல் என்ற ஒளிப்பட மேலாண்மை நிரல் தொடர்பான காப்புரிமை வழக்கில் 2020-இல், லினக்ஸுக்கான மேசைத்தளத்தை உருவாக்கும் திட்டத்தின் க்னோம் அறக்கட்டளை பெற்ற தீர்வு காட்டப்பட்டது. திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு ஏற்ற உரிமங்களில் வெளியாகும் மென்பொருள்கள்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்ற உறுதி அதில் அடங்கியிருந்தது. அது க்னோமுக்கு மட்டும் நின்றுவிடவில்லை.

## நிரலை விலக்கிய விதம்

முதல் படியாக ஒரு சிறு வெளியீட்டில் வசதி இயல்பாக அணைக்கப்பட்டது. கையேட்டின் பரிந்துரைப் பக்கம் அதே வெளியீட்டில் நீக்கப்பட்டது. காப்புரிமை பற்றித் தெரிந்த பிறகும் பயனரை அந்த வசதியைப் பயன்படுத்தச் சொல்லும் கையேடு, தூண்டுதலுக்கான நேரடிச் சான்று. நிரலை அணைத்துவிட்டுக் கையேட்டை மறந்துவிடும் திட்டங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வலைப்பக்கங்களின் செயல்விளக்கங்களும் மாதிரி உள்ளமைவுக் கோப்புகளும்கூட ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தப்பட்டன.

அடுத்த வெளியீட்டில் 1,400 வரிகளும் முதன்மை மூலத்திலிருந்து வெளியேறின. பொதுவில் இருந்த ஆறு செயற்கூறுகளை நீக்கினால் பழைய நிரல்கள் இணைக்கும்போதே உடையும், லைப்ரரியின் எஸ்ஓ பெயரை (எந்தப் பதிப்போடு பொருந்தும் என்று காட்டும் பெயரை) உயர்த்த வேண்டிவரும், எல்லா டிஸ்ட்ரோக்களும் சார்ந்த பேக்கேஜ்களை மறுபடி தொகுக்க நேரும். அதனால் ஆறும் வெற்றுக் கூடுகளாக வைக்கப்பட்டு, ஆதரவில்லை என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும்படி மாற்றப்பட்டன. இது சரியாக வேலை செய்தது. ஆனால் ஒரு பயன்பாட்டு நிரல் திரும்பி வரும் பிழை எண்ணைப் பார்க்காமலே மேலே சென்று, மீட்பு இயங்குவதாக நினைத்துக்கொண்டது. வெற்றுக் கூடு அழைக்கப்பட்டால் நிரலின் இயக்கப் பதிவில் ஒரு முறை எச்சரிக்கை எழுதும் வரி பிறகு சேர்க்கப்பட்டது.

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் உள்ள வரலாறு மாற்றி எழுதப்படவில்லை. வரலாற்றை மாற்றினால் எல்லாக் கமிட் (பதிவான மாற்றம்) அடையாளங்களும் மாறும், பங்களிப்பாளர்கள் வைத்திருக்கும் கிளைகள் பொருந்தாமல் போகும், ஏற்கனவே பரவிய படிகளை அது திரும்பப் பெறவும் செய்யாது. வெளியீட்டு டார்பால் (மூலநிரலை அடக்கிய கோப்பு) மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. சில டிஸ்ட்ரோக்கள் இன்னும் கறாரானவை. ஃபெடோரா டிஸ்ட்ரோ ஒரு காலத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் மூலத்திலிருந்து நீள்வளைய வளைவுக் குறியாக்கப் பகுதிகளை ஸ்கிரிப்ட் கொண்டு நீக்கிய டார்பாலையே வைத்திருந்தது. தொடக்கத்திலிருந்தே அப்படியொரு டார்பாலைத் திட்டமே தந்துவிட்டால் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனியாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

## பின்விளைவுகள்

காணொளியில் மாற்று முறை குறை தெரியாமல் இயங்கியது. நொடிக்கு ஆயிரம் பேக்கெட் ஓடும் ஓட்டத்தில் 100 பேக்கெட்டுக்கு 10 மீட்புப் பேக்கெட் என்று வைத்தால், தொகுதி நிறையப் பத்தில் ஒரு நொடி போதும். தொகுதிக்குள் எந்தப் பத்து தொலைந்தாலும் மீளும். பைட் அளவிலான புலத்தில் (ஒரு பைட்டுக்குள் அடங்கும் எண்களில் நடக்கும் கணக்கில்) ஒரு தொகுதியின் மொத்தப் பேக்கெட்டுகள் 255-ஐத் தாண்டக்கூடாது என்பது மட்டும் வரம்பு.

குரலில் நிலைமை வேறு. பேக்கெட்டுக்கு 20 மில்லிநொடி ஒலி என்றால் நொடிக்கு 50 பேக்கெட்தான். 20 பேக்கெட் தொகுதி நிறைய 400 மில்லிநொடி ஆகும், உரையாடலுக்கு அது தாங்காது. 5 பேக்கெட்டுக்கு 2 மீட்பு என்று குறைத்தால் தாமதம் 100 மில்லிநொடியாகிறது, ஆனால் அலைவரிசைச் செலவு 40 சதவீதம் கூடுகிறது. நகரும் சாளர முறை இந்த இடத்தில் உண்மையாகவே மேலானது. அந்த இழப்பு ஏற்கப்பட்டது. வெளியீட்டுக் குறிப்பிலும் அது மழுப்பாமல் எழுதப்பட்டது. தரநிலையில் அந்த முறை விருப்பத் தேர்வாக இருந்ததால் இணைப்பு உடையவில்லை. எதிர்முனை அதைக் கோரினால் லைப்ரரி மறுத்து, மறு அனுப்பலுக்கு இறங்கிக்கொள்ளும்.

சாதனத் தயாரிப்பாளர் பக்கம் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. புதிய வெளியீட்டைப் பற்றித் தெரிவித்தபோது, அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவு அதே ஒப்பந்தத்தில் ஏற்கனவே கையெழுத்திட்டிருந்தது தெரிந்தது. காசில்லாமல் வருகிறதே என்று ஒப்பியிருக்கிறார்கள். ஃபர்ம்வேரில் ஜிபிஎல் நிரல் இருப்பதைப் பொறியியல் பிரிவு அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. விளைவாக, சாதனத்தோடு தாங்கள் தரும் நிரலைப் பெறுபவர் மறுவினியோகம் செய்யும் உரிமையைத் தாங்களே குறைத்துவிட்டார்கள். பழைய பதிப்பைத் தொடர்ந்து அனுப்புவது 7-ஆம் பிரிவோடு மோதும். நல்லவேளையாக, அந்தச் சாதனங்கள் காணொளிக்கானவை. புதிய பதிப்புக்கு மாறியதும் காப்புரிமை முறை ஃபர்ம்வேரில் இல்லாமல் போயிற்று, ஒப்பந்தத்தை நம்பியிருக்கும் தேவையும் தீர்ந்தது. கையெழுத்து ஒன்று எங்கோ ஒரு மேசையில் அமைதியாக நடந்துவிடக்கூடும்; ஜிபிஎல் சங்கிலியில் மேலே இருக்கும் திட்டத்துக்கு அது தெரிய வழியே இல்லை. கேட்டால்தான் தெரியும்.

காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் சில மாதங்கள் கழித்துப் பதிலளித்தது. தனித்தனிக் கையெழுத்து, இரகசியம், எண்ணிக்கை அறிக்கை மூன்றையும் நீக்கிப் பொது வாக்குறுதியாக வெளியிட்டது. ரத்து நிபந்தனையையும் தரநிலை தொடர்பான வழக்குக்கு மட்டும் சுருக்கியது. முழுமையாக இணங்கும் செயலாக்கத்துக்கு மட்டும் என்ற வரி அப்படியே நின்றது. நான்கில் மூன்று கிடைத்ததே, நிரலைத் திரும்பச் சேர்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு வழக்கறிஞரின் பதில் தெளிவாக இருந்தது: திருத்தும் உரிமையைத் தொடாமல் விட்டால்தான் ஜிபிஎல்லோடு பொருந்தும், அந்த ஒரு வரி அதைத் தொடுகிறது. நிரல் திரும்பவில்லை. தனிக் களஞ்சியத்தில், தன் பொறுப்பில், எம்ஐடி உரிமத்தில் அதை எழுதியவரே வைத்திருக்கிறார். அது அவர் தனியாக எழுதியது என்பதால் உரிமத்தை மாற்ற அவருக்கு முழு அதிகாரம் இருந்தது.

## இனி மாறுபவை

தரநிலையிலிருந்து ஒரு முறையைச் செயல்படுத்தும் எந்தப் பேட்சும் (நிரல் மாற்றமும்) இப்போது ஒரு கேள்விக்குப் பதிலளித்த பிறகே பரிசீலிக்கப்படுகிறது: அந்தத் தரநிலை அமைப்பின் காப்புரிமை அறிவிப்புகளில் இந்தப் பகுதி பற்றி என்ன இருக்கிறது? அறிவிப்பு உண்டா இல்லையா என்று பார்ப்பது பங்களிப்பாளரின் வேலை. உரிமைக்கோரலைப் படிப்பது அவர் வேலையல்ல. அறிவிப்பு உண்டு என்றால் வழக்கறிஞரிடம் போகும்.

அறிவிப்பை எடைபோட, அமைப்புக்கு அமைப்பு உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2004 முதல் ராயல்டி இல்லாத கொள்கையை உறுப்பினர்களுக்கு விதிக்கிறது. ஐஇடிஎஃப் அறிவிப்பைக் கேட்டுப் பதிவுசெய்யும். நிபந்தனை நியாயமானதா, காப்புரிமை செல்லுமா என்று தீர்ப்புச் சொல்லாது. ஐடியூ, ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்புகள் மூன்றுக்கும் பொதுவான படிவத்தில் கட்டணமின்றித் தருவது, நியாயமான கட்டணத்தில் தருவது, தர விருப்பமில்லை என மூன்று தேர்வுகள் உண்டு. முதல் தேர்வில் குறி இருந்தாலும் உரிமம் அடுத்தவருக்குக் கடக்குமா என்பதை அந்தக் குறி சொல்லாது. குழுவில் பங்கேற்காத காப்புரிமையாளர் எதையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஆகவே காலியான பட்டியலும் உத்தரவாதம் ஆகாது.

பங்களிப்பு ஏற்பில் திட்டம் பயன்படுத்திய டெவலப்பர் சான்றிதழ் நிரலின் மூலத்தையும் உரிமத்தையும் உறுதிசெய்கிறதே தவிர, வெளிப்படையான காப்புரிமை உரிமம் எதையும் தருவதில்லை. பங்களிப்பவர் வேலைசெய்யும் நிறுவனத்திடம் அதே துறையில் காப்புரிமை இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரி சேர்க்கப்பட்டது. புதிய கோப்புகளை ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையதில் மட்டும் ஏற்பது பற்றிப் பேச்சு தொடர்கிறது. வெளியாரின் காப்புரிமைக்கு அது பயன்படாது. பங்களிக்கும் நிறுவனங்களின் காப்புரிமைக்குப் பயன்படும். அப்பாச்சி 2.0 நிரலைச் சேர்க்கவும் அப்போது வழி பிறக்கும், ஏனெனில் அந்த உரிமம் ஜிபிஎல் 2-ஓடு பொருந்தாது, 3-ஓடு பொருந்தும்.

ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்வதற்கும் திட்டம் ஒப்புக்கொண்டது. 2005-இல் தொடங்கிய அந்த அமைப்பில் சேரக் கட்டணம் இல்லை. அதில் சேர்ந்தவர்கள் லினக்ஸ் சிஸ்டம் என்று அது வரையறுத்த பேக்கேஜ்களுக்கு மட்டும் தம் காப்புரிமைகளைப் பரஸ்பரம் திறந்துவைக்கிறார்கள். இந்த நிகழ்வின் நிறுவனம் அதில் உறுப்பினர் இல்லை, ஆகவே முன்பே சேர்ந்திருந்தாலும் இந்தச் சிக்கலை அது தடுத்திருக்காது. லைப்ரரி அந்தப் பேக்கேஜ் பட்டியலில் இல்லாததால், சேர்க்கக் கோரி விண்ணப்பிக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

நிலுவையில் இருந்த விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் பொறுப்பு வழக்கறிஞரிடம் விடப்பட்டது. அதன் உரிமைக்கோரல்கள் சுருங்கினாலோ கைவிடப்பட்டாலோ, தனிக் களஞ்சியத்தில் இருக்கும் நிரலைப் பற்றிய முடிவு மறுபடி எடுக்கப்படும்.